அட்டைப் பாட்டும் அடுத்தவர் பாட்டும்

எங்கள் தொழிலில் சொந்தப் பாட்டுக்கென்று ஒரு நேரம் உண்டு: கூட்டம் சாப்பிடப் போன பிறகு. கிட்டாரைத் தூக்கிக்கொண்டு கல்யாணம், கோவில் திருவிழா, வாசகசாலை ஆண்டு விழா என்று அலைகிற எல்லாருக்கும் இது தெரிந்திருக்கும். நாமாக எழுதி மெட்டுப் போட்ட பாட்டை ஆசையாகத் தொடங்கினால் முன்வரிசைக்காரர் போனை எடுத்துப் பார்ப்பார். யாரோ எப்போதோ பாடிப் பேர் வாங்கிய பாட்டைத் தொடங்கினால், அதே ஆள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்காருவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. நம்மைக் கூப்பிட்டதே அதற்குத்தான்.

நான் ஸ்டெல்லா. ஏலப்பாறையில் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். வரிசையாக ஒரே சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் தொழிலாளர் வீடுகளைத்தான் எங்கள் பக்கம் லயம் என்போம். தமிழ் படிக்கக் கேரள எல்லைச் சித்தூர்க் கல்லூரிக்கு வந்தேன். படிப்பு முடிந்தும் மலை ஏறாமல் நல்லேப்பிள்ளியில் ஒரு வாடகை வீட்டில் தங்கிவிட்டேன். டோலக் வாசிக்க எனக்குக் கிடைத்தவர் பெருமாட்டி ஊர்க் கந்தசாமி அண்ணன். தென்னந்தோப்புக்காரர். காலையில் தோப்புக்குத் தண்ணீர் கட்டிவிட்டு மத்தியானம் டோலக்கோடு பஸ் ஏறிவிடுவார். பதினாறு வருஷமாக நாங்கள் இரண்டு பேர்தான் குழு. இனி வருவதெல்லாம் அந்தப் பதினாறு வருஷத்தில் நடந்தவை. உங்களுக்கும் இதில் பாதியாவது நடந்திருக்கும்.

கரண்டு கொறச்சல்

முதல் நிகழ்ச்சி நல்லேப்பிள்ளியில் ஒரு கல்யாண வரவேற்பு. அப்போது எனக்கு ஒரு கொள்கை இருந்தது. சினிமாப் பாட்டைப் பாடினாலும் என் வழியில்தான் பாடுவேன் என்பது அந்தக் கொள்கை. வாத்தியக் கூச்சலில் யாரும் கவனிக்காமல் போன வார்த்தைகளை ஜனங்கள் முதல் தடவையாகக் கேட்க வேண்டும் என்று, துள்ளலான ஒரு குத்துப்பாட்டை எடுத்து, கிட்டாரை மட்டும் மெதுவாக மீட்டி, ஒவ்வொரு சொல்லாக இறக்கி வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு பாடினேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கண்ணைத் திறந்தபோது வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் ஸ்பீக்கருக்குப் பின்னால் குனிந்து வயரை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண்ணின் தாய்மாமன். அடுத்து சீலிங் ஃபேனை அண்ணாந்து பார்த்தார். பிறகு சுவிட்சுப் பெட்டியைத் திறந்து மூடினார். இரண்டாவது சரணம் முடிந்ததும் மேடை ஓரத்துக்கு வந்து, நிஜமான அக்கறையோடு என்னிடம் சொன்னார்: "ஏனுங்க அம்மிணி, ஜெனரேட்டரப் போடச் சொல்லட்டுங்களா? கரண்டு கொறச்சலா வருதாட்ட இருக்குது, பாட்டு இழுத்து இழுத்துப் போகுதுங்க."

எந்த மொழி

பெருமாட்டிக்குப் பக்கத்தில் ஒரு வாசகசாலையின் ஆண்டு விழா. வந்திருந்தவர்களில் பாதிப்பேர் மலையாளிகள். அவர்களுக்காகப் பழைய மலையாளப் பாட்டு ஒன்றைத் தயார் செய்தேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த மலையாளம்தான் என் மூலதனம். பாட்டைத் தமிழ் எழுத்தில் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அதைக் கந்தசாமி அண்ணன் வாங்கிப் பார்த்து, "இது இப்படி வராதுங்க அம்மிணி" என்று இரண்டு மூன்று இடங்களில் திருத்தியும் கொடுத்தார். அவருடைய மலையாளம் தேங்காய் வியாபாரிகளிடம் பழகியது.

பாடி முடித்ததும் கைதட்டல் பலமாகவே இருந்தது. கீழே இறங்கியபோது ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. அவர் கேலி செய்தாரா, மனசாரச் சொன்னாரா என்று நானும் அண்ணனும் அன்றைக்குத் திரும்பி வந்த பஸ்ஸில் தர்க்கம் பண்ணினோம், இன்னும் முடிவுக்கு வரவில்லை. அவர் சொன்னது இதுதான்: "நன்னாயி மோளே! தமிழில இத்தனை நல்ல பாட்டெல்லாம் உண்டுன்னு ஞான் அறிஞ்சதே இல்ல."

இல்லாத ரெண்டு வரி

அண்ணனின் தோப்புக்கு அடுத்த தோப்பு சின்னச்சாமி அய்யனுடையது. அவருக்கு அறுபதாம் கல்யாணம். ஒரு வாரம் முன்னதாகவே அவர் மகன் போன் செய்து, அப்பாவும் அம்மாவும் கேட்டுக் கேட்டுத் தேய்த்த பாட்டு ஒன்று இருக்கிறது, அதைக் கட்டாயம் பாட வேண்டும் என்று சொல்லியிருந்தார். நானும் எல்லாச் சரணத்தையும் பிசகில்லாமல் மனப்பாடம் செய்துகொண்டு போனேன்.

காலையில் சடங்கு முடிந்து, மாலையும் கழுத்துமாக இருவரும் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். பாட ஆரம்பித்தேன். பல்லவி, முதல் சரணம் எல்லாம் தலையை ஆட்டிக் கேட்டார்கள். இரண்டாவது சரணத்தின் நடுவில் அய்யன் கையைத் தூக்கினார். பக்கத்தில் அவர் மனைவி பழனியம்மாளும் இல்லை இல்லை என்று தலையசைத்தார். பாட்டை நிறுத்தினேன். ஏதோ வரியைத் தப்பாகப் பாடிவிட்டேன் என்று நினைத்தேன். அய்யன் எழுந்து வந்து மெதுவாக விளக்கினார். கல்யாணமான புதிதில் வாங்கிய கேசட் அது. ஒரு நாள் டேப் உள்ளே சிக்கிக்கொண்டது. இழுத்ததில் ஒரு முழம் கசங்கிப் போக, அதை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை செல்லோடேப் போட்டு ஒட்டியிருக்கிறார். அதோடு இரண்டு வரி போயிற்று. அதற்கப்புறம் இருபத்தைந்து வருஷம், டேப் ரிக்கார்டர் உயிரை விடும்வரை, அந்த இரண்டு வரி இல்லாமல்தான் கேட்டிருக்கிறார்கள்.

"அந்த எடத்துல ஒரே தாவாத் தாவீருங்க அம்மிணி" என்றார் அய்யன். பாதி வரியில் விட்டு, இரண்டு வரி தள்ளி இன்னொரு வரியின் பாதியில் போய் இறங்குவது சொல்கிற மாதிரி சுலபமில்லை. முதல் தடவை டோலக் தடுமாறியது. இரண்டாம் தடவை, நான் தாவிய இடத்தில் கந்தசாமி அண்ணன் விரல் முட்டியால் 'டொக்' என்று ஒரு தட்டுத் தட்டினார். ஒட்டுப் போட்ட இடம் கடந்து போகும்போது கேசட் அப்படித்தான் சத்தம் போடுமாம். பழனியம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அய்யன் என்னைப் பார்க்கவே இல்லை, மனைவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டுப் பந்தியில் பழனியம்மாளே எனக்குப் பரிமாறினார். "விட்டுப்போன ரெண்டு வரியும் ரொம்ப நல்ல வரிங்கம்மா" என்று சொல்லிப் பார்த்தேன். பாயசத்தை ஊற்றிக்கொண்டே அவர் சொன்னார்: "நல்லாத்தான் இருக்கும் கண்ணு. ஆனா அது ஊரார் பாட்டு. எங்க பாட்டுல அந்த ரெண்டு வரி இல்லீங்க."

அடுப்படியில் டோலக்

எங்கள் ஏலப்பாறை தேவாலயத் திருவிழாவுக்குப் பாடக் கூப்பிட்டார்கள். பிறந்த ஊரில் முதல் மேடை. கந்தசாமி அண்ணனுக்கு அதுதான் முதல் மலைப் பயணம். வளைவுக்கு வளைவு பஸ் ஜன்னலைத் திறந்து மூடிக்கொண்டே வந்து சேர்ந்தார். இறங்கியதும் மூடுபனி. டோலக்கைத் தட்டினால் நனைந்த சாக்கைத் தட்டியது போல ஒரு சத்தம். ஈரத்தில் தோல் தொய்ந்துவிட்டது. கயிறை இறுக்கிப் பார்த்தார், வெறும் கையால் தேய்த்துப் பார்த்தார். எதுவும் பலிக்கவில்லை.

திருவிழாச் சாப்பாட்டுக்குத் தேவாலயத்தின் பின்னால் பெரிய அடுப்புகள் எரிந்துகொண்டிருந்தன. அண்ணன் நேராக அங்கே போய், டோலக்கைக் குழந்தை மாதிரி மடியில் வைத்து அனல் காட்ட உட்கார்ந்துவிட்டார். சமையலைப் பார்த்துக்கொண்டிருந்த மரியக்கா கரண்டியோடு வந்து அவரையும் டோலக்கையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "என்னண்ணே, இத வேக வைக்கணுமா, வறுக்கணுமா? சொன்னா நானே செஞ்சிருவேன்ல."

அம்மா சொன்னது

அந்தத் திருவிழாவில் என் சொந்தப் பாட்டு ஒன்றைப் பாடுவதென்று தீர்மானித்திருந்தேன். அம்மா ஞானம்மா அப்போது கொழுந்து எடுக்கப் போய்க்கொண்டிருந்தாள். மழைக்காலத்தில் தேயிலைச் செடிக்குள் நின்றால் அட்டை காலில் ஏறும். உப்பும் புகையிலையும் துணியில் முடிந்து கணுக்காலில் கட்டினாலும் ஏறும். சாயங்காலம் வந்து அம்மா காலைக் கழுவும்போது தண்ணீர் சிவப்பாகப் போகும். சின்ன வயதில் தினமும் பார்த்தது. அதைத்தான் பாட்டாக எழுதியிருந்தேன்:

"அட்டையே அட்டையே, அம்மா காலை விட்டுவிடு,
எட்டு மணி மஸ்டருக்கு ரத்தம் கொஞ்சம் மிச்சம் வை."

மஸ்டர் என்றால் தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிடுவது.

திருவிழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம், அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து பாடிக் காட்டினேன். அவளுக்கு நான் செய்கிற பெரிய மரியாதை அது என்று நினைத்திருந்தேன். பாட்டு முடிகிறவரை அவள் கை அரிசியில் அப்படியே நின்றது. பிறகு காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. களைந்த தண்ணீரை வெளியே வீசிவிட்டு வந்து சொன்னாள்: "ஊரே எங்காலப் பாக்கணுமாட்டி? வேற யாரு பாட்டையாவது பாடு, போ."

மறுநாள் வேற யாரோ பாட்டுகளைத்தான் பாடினேன். நல்ல பேரும் கிடைத்தது. அம்மா கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டாள், மற்றவர்களோடு சேர்ந்து கைதட்டினாள். நான்தான், அவளுக்கு என்னால் வெட்கம் என்று எடுத்துக்கொண்டேன். அட்டைப் பாட்டு இருந்த நோட்டைப் பெட்டியின் அடியில் போட்டேன். அதற்கப்புறம் ஊருக்குப் போவதும் குறைந்தது. போனாலும் கிட்டாரை எடுத்துப் போவதில்லை.

திருத்தம்

போன வருஷம் அம்மாவுக்கு மூட்டுவலி அதிகமாகி, ஒரு வாரம் கூட இருக்கப் போனேன். அவள் தோட்ட வேலையிலிருந்து நின்று ஒரு வருஷம் ஆகியிருந்தது. காலையில் அவளை மருந்துக்கடைக்குக் கூட்டிப் போனேன். தூறல். அம்மா குடையைக் கம்பாக ஊன்றி நடந்தாள், நான் இன்னொரு குடையை அவளுக்குப் பிடித்தேன். மேல்சரிவில் பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். பாடிக்கொண்டே எடுத்தார்கள். இரண்டு வளைவு தாண்டுவதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது, அது என் மெட்டு.

நின்றுவிட்டேன். ரோட்டிலிருந்தபடியே நானும் சேர்ந்து பாடினேன், என் வார்த்தைகளில். இரண்டாவது வரியிலேயே மோதிக்கொண்டது. நான் ஒன்று பாட, அவர்கள் ஒன்று பாடினார்கள். செடிக்கு மேலே தலையை நீட்டி ஒரு இளம்பெண் கத்தினாள். "அக்கா, தப்பாப் பாடுதீங்க! அது அப்படி இல்ல." பிறகு எனக்காக நிறுத்தி நிதானமாகப் பாடிக் காட்டினாள்:

"அட்டையே அட்டையே, ஆள மாத்திக் கடிச்சுவிடு,
அந்தா வாராரு சூப்பர்வைசரு, அவரு காலு சும்மாதான்."

சரிவு முழுக்கச் சிரிப்பு. கீழே நின்றிருந்த சூப்பர்வைசர்கூடக் கேட்காதவர் மாதிரி குடையைச் சாய்த்துக்கொண்டார். "யாரு பாட்டும்மா இது?" என்று கேட்டேன். "பழைய பாட்டுக்கா" என்றாள் அவள். "யாரு பாட்டுன்னு தெரியாது. உங்க பக்கத்துல நிக்கிற ஞானம்மா பெரியம்மாதான் எங்களுக்குச் சொல்லிக் குடுத்துச்சு."

அம்மா குடைக் கைப்பிடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். மருந்துக்கடை வருகிறவரை குடையை அவள் பக்கமே சாய்த்துப் பிடித்துக்கொண்டு நடந்தேன். ஏதாவது கேட்டால் அழுதுவிடுவேன் என்று பயம். பெஞ்சில் உட்கார்ந்த பிறகு அவளாகவே சொன்னாள். திருவிழா முடிந்து நான் போன மறுவாரம், நல்ல மழையில் கொழுந்து எடுக்கும்போது அந்தப் பாட்டு தானாக அவள் வாயில் வந்திருக்கிறது. அடுத்த நிரையில் நின்றவள் கேட்டுவிட்டு, இன்னொரு தடவை பாடு என்றிருக்கிறாள். மூன்றாம் நாள் அந்த நிரையே பாடியிருக்கிறது. ஒருத்தி விசும்பத் தொடங்க, அதன் பிறகுதான் வரியை மாற்றியிருக்கிறார்கள். "அப்ப ஏம்மா என்னையப் பாட வேணாம்னு சொன்ன?" என்று கேட்டேன். அம்மா மருந்துச் சீட்டை நாலாக மடித்தாள். பிறகு சொன்னாள்: "நீ எழுதுனது நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அழுதுக்கிட்டே கொழுந்து எடுக்க முடியாதுல்ல? அதான் கொஞ்சம் சிரிப்பு சேத்துக்கிட்டோம்."

திரும்பும் வழியில் அம்மாவிடமும் அந்தப் பெண்களிடமும் கேட்டுக்கொண்டேன்; இப்போது எல்லா மேடையிலும் அதை லயத்துப் பெண்கள் பாடுகிறபடியேதான் பாடுகிறேன். இத்தனை வருஷத்தில் உரியவர்களிடம் முறையாக அனுமதி வாங்கி நான் பாடுகிற ஒரே அடுத்தவர் பாட்டு, நானே எழுதிய அந்தப் பாட்டுதான்.