தெய்வாத்தாள் பேசி முடித்த பிறகு

சிங்காநல்லூரில் முப்பத்திரண்டு வருஷம் லேத் பட்டறை நடத்தியவர் பாலுசாமி. பம்பு மோட்டாருக்கு ஷாஃப்ட் கடைவது தொழில். பாட்டுக் கேட்பது ஆசை. பட்டறை இரைச்சலில் எந்தப் பாட்டும் முழுசாகக் காதில் விழாது. வேலையை விட்டபின் உட்கார்ந்து ஒழுங்காகக் கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

பட்டறையை விற்றது போன தையில். அதற்கு ஆறு மாதம் முன்பே அவர் மனைவி தெய்வாத்தாள் சிறுநீரகம் கெட்டு, பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்துபோயிருந்தாள். மகள் சண்முகப்பிரியாதான் கூட இருந்து பார்த்தாள். "நீ ஏன் போயி இருக்கல?" என்று கேட்ட சொந்தக்காரர்களிடமெல்லாம் பாலுசாமி ஒரே பதிலைச் சொன்னார்.

"அவளேதானுங்க வர வேண்டாம்னா. தெனமும் வாட்ஸப்புல பேசிப் போடுவா. நல்லாத்தான் இருந்தா."

சித்திரையில் ஒரு மத்தியானம், அவர் ஆர்டர் போட்டிருந்த பார்சல் வந்தது. ஒரு பெரிய ஹெட்போன், இரண்டு சின்ன அலுமினியப் பெட்டிகள். ஒன்றின்மேல் ஒன்று வைத்தாலும் டிபன் டப்பா உயரம் வரவில்லை. ஒரு பெட்டி போனில் இருக்கும் டிஜிட்டல் பாட்டை ஒலியாக மாற்றித் தரும். மற்றது ஹெட்போனுக்கு வேண்டிய தெம்பைக் கொடுக்கும் ஆம்ப்ளிஃபையர். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழின் விளிம்பை நகத்தால் தடவிப் பார்த்தார். பிசிறே இல்லை.

"சுத்தமாக் கடைஞ்சிருக்கறான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

நாற்பது வருஷமாகத் தெரிந்த பாட்டு ஒன்றைப் போட்டார். சரணத்துக்கு முன்னால் பாடகி மூச்சு இழுப்பது கேட்டது. தபலாவின் தோல்மேல் விரல் தேய்வது கேட்டது. இத்தனை நாளும் இது அத்தனையும் பாட்டுக்குள்ளேதான் இருந்திருக்கிறது! கண் கலங்கிவிட்டது. மூன்று பாட்டுக் கேட்டபின், தெய்வாத்தாள் குரலையும் இதில் கேட்டால் என்ன என்று தோன்றியது.

அவள் அனுப்பிய குரல்பதிவுகள் போனிலேயே இருந்தன. அப்போதெல்லாம் லேத் ஓட ஓடப் போனைக் காதில் அழுத்தி, அவள் "வெச்சறனுங்க" என்றதும் அணைத்துவிடுவார். இப்போது கடைசி வாரத்துப் பதிவு ஒன்றைத் தொட்டார்.

"ஏனுங்க, சாப்டீங்ளா? நானு நல்லாத்தான் இருக்கறனுங்க. நீங்க வேலையப் பாருங்க. வெச்சறனுங்க."

ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் அவள் மூச்சு வாங்கினாள். அதை அவர் இதுவரை கேட்டதே இல்லை. பதிவு அங்கே முடியவும் இல்லை. அதை நிறுத்த அவளுக்குக் கை எழவில்லை போலிருக்கிறது. மகளின் குரல் கேட்டது.

"அப்பாவ வரச் சொல்லட்டுமாம்மா?"

"வேண்டாங் கண்ணு. உங்கப்பா வந்தா நானு நல்லா இருக்கறாப்பல நடிக்கோணும். இப்ப அதுக்குத் தெம்பில்ல."

கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

பாலுசாமி ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுச் சரவணம்பட்டியில் இருக்கும் மகளைக் கூப்பிட்டார். கேட்டதைச் சொன்னார்.

"எனக்குத் தெரியுமுங்கப்பா. நாந்தான பக்கத்துல இருந்தேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமல்ல, அம்மணி?"

"சொன்னா வந்திருப்பீங்ளா?"

வந்திருப்பேன் என்று சொல்ல வாயெடுத்தார். அந்த வாரம் எழுபது ஷாஃப்ட் அனுப்ப வேண்டியிருந்தது ஞாபகம் வந்தது.

"ஆபீஸ்ல இருக்கறனுங்கப்பா. அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல வந்தாள். மூன்று நாளைக்குக் குழம்பு வைத்து ஃபிரிட்ஜில் அடுக்கினாள். அந்தப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை.

"நீ நல்லா இருக்கறயா கண்ணு?" என்று வாசலில் கேட்டார்.

"நல்லா இருக்கறனுங்கப்பா" என்று சிரித்துவிட்டு வண்டியை எடுத்தாள்.

அதை நம்புவதா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை.