வயரிங் பாய் மேல் நான் போட்ட பழி

இதை எழுத ஒன்பது வருடம் தயங்கினேன். தினமும் நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு நின்றும், இந்த ஒன்றை மட்டும் சாமியிடம்கூட வாய்விட்டுச் சொல்லவில்லை.

முதலில் நினைவுக்கு வருவது ஒரு டெஸ்ட் விளக்கு. கரண்டு வருகிறதா என்று தொட்டுப் பார்க்க, இரண்டு வயர் நீட்டிய சின்ன பல்பு. மேலப்பாளையத்தில் கார் வயரிங் பார்த்த பாயின் சட்டைப் பையில் எப்போதும் கிடக்கும். என் பழைய காரின் முன்விளக்குகளுக்குப் புது வயர் இழுத்தவர் அவர்தான். “இனி மலைக்கே ஏத்தும் வே, வெளிச்சத்துக்கு நான் பொறுப்பு” என்று சிரித்தார்.

பத்து நாள்கூட ஆகவில்லை. பாபநாசம் பக்கம் கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்க நானும் மனைவியும் போயிருந்தபோது, ஏழாம் மாதத்திலேயே அவளுக்கு வலி கண்டுவிட்டது. ஆம்புலன்ஸ் வரத் தாமதமாகும் என்றார்கள். காரில் ஏற்றிக்கொண்டு பாளையங்கோட்டைக்குக் கிளம்பினோம். அடைமழை. வயல் நடுவே, இருட்டும் நேரத்தில், இரண்டு விளக்கும் ஊதுவத்தி நுனிபோல மங்கி அணைந்தன. ஃபியூஸை மாற்றினேன். ரிலேயைத் தட்டினேன். பல்பைக் கழற்றி வேட்டியில் துடைத்து மாட்டினேன். ஹாரன் அடிக்கிறது, வண்டி ஸ்டார்ட் ஆகிறது, விளக்கு மட்டும் வரவில்லை. “எப்பா, இன்னும் என்ன செய்யுத? என்னால முடியலப்பா” என்று உள்ளேயிருந்து மகள் கதறினாள். முருகா முருகா என்று பானெட்டில் அடித்தேன். அரைமணி கழித்து ஒரு லோடு வேன் வந்தது; அதன் பின்விளக்கைப் பிடித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தோம். பேத்தி தங்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலிலேயே, கேட்டவர்களிடமெல்லாம், “பாய் வயரிங்குல கோட்ட விட்டுட்டாரு” என்றேன். டீக்கடை வரை அது போயிற்று. “அவரு கை வச்ச வண்டியா? வெளங்கும்லே!”

காதில் விழுந்ததும் பாய் தாமாகவே தச்சநல்லூருக்கு என் வீடு தேடி வந்தார். டெஸ்ட் விளக்கை ஒவ்வொரு இடமாக வைத்துப் பார்த்தார்; பல்பு வரை அது எரிந்தது. பிறகு பேட்டரியின் மைனஸிலிருந்து தனியாக ஒரு வயரை இழுத்து விளக்கின் கறுப்பு வயரில் தொட்டார். இரண்டும் பளீரென்று எரிந்தன. “கரண்டு போவுதுவே. திரும்புததுக்குத்தான் வழியில்ல.” குனிந்து, கரண்டு திரும்புவதற்காக இரண்டு கறுப்பு வயரையும் வண்டியின் பாடியோடு சேர்க்கும் போல்ட்டைக் காட்டினார். அதில் என் எலுமிச்சை மிளகாய் தொங்கியது. அமாவாசைக்கு அமாவாசை கட்டுவேன். அந்தத் தடவை நழுவுகிறதே என்று போல்ட்டைத் தளர்த்தி, வயருக்கு அடியில் கயிற்றைச் செருகிக் கையாலேயே முடுக்கியிருந்தேன். எலுமிச்சைச் சாறு இறங்கித் துருவும் ஏறியதில், வயர் இரும்பைச் சரியாகத் தொடவில்லை.

“இத யாரு கட்டுனா?”

“நாந்தான்.”

பாய் கயிற்றை அறுக்காமல் பைய உருவி என் கையில் கொடுத்துவிட்டு, துருவைச் சுரண்டி ஸ்பானரால் முடுக்கினார். “நான் சொன்னா எவன் நம்புவான்? நீருதான் சொல்லணும் அண்ணாச்சி. எனக்கும் புள்ளைக இருக்கு.”

தலையாட்டினேன். சொல்லவில்லை. மகளின் முகத்தைப் பார்த்தால் நாக்கு எழவில்லை. வண்டிகள் வருவது நின்று, அவர் கடையை மூடி ஆட்டோ ஓட்டினார். போன மாதம் மவுத்தாகி, அடக்கமும் ஆகிவிட்டது.

மகளே, அன்று உன் வழியை இருட்டாக்கியது பாய் இல்லை, நான். படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அன்று நான் சொன்ன ஒரு பழிச்சொல்லோடு ஊர் பத்தைச் சேர்த்தது. இதை மேலப்பாளையத்தில் யாரிடமாவது சொன்னால், ‘பாவம், தெரியாமல் செய்துவிட்டான்’ என்று எனக்காக ஒரு வார்த்தைகூடச் சேர்க்காமல், அப்படியே சொல்லுங்கள்.