மீன் வராத ஏழு நாள்

என் அலுமாரியில் இரண்டு வரைபடத் தாள்கள் இருக்கின்றன. ஒன்றில், இருக்கக் கூடாத இடத்தில் ஒரு கோடு ஊசிபோல நிமிர்ந்து நிற்கிறது. மற்றதில் அதே இடத்தில் கோடு இல்லை. மங்கிய கறை ஒன்றுதான். பட்டச் சான்றிதழைத் தேடித்தான் எடுக்கவேண்டும். இவை எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில்.

யுத்தம் முடிந்து சில வருடங்கள். பயறு முளைக்கும்போது அதிலுள்ள ஸ்டெரோல்கள் எப்படி மாறுகின்றன என்பது என் ஆய்வு. நம் உடம்பில் கொலஸ்ட்ரோல் இருப்பதுபோலச் செடிகளில் இருக்கும் கொழுப்புப் பொருட்கள் அவை. வேலைநிறுத்தத்தால் பல்கலைக்கழக ஆய்வுகூடம் பூட்டப்பட, கற்பிட்டியில் ராத்தா வீட்டிலேயே பயற்றை முளைக்கவைத்தேன். பகலில் எனக்குப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் வேலை. அதனால் தினமும் ஒரு பிடி முளையை எடுத்துச் சுற்றி ஐஸ் பெட்டியில் வைக்கும் பொறுப்பை என் மூத்த சகோதரியான அவளே ஏற்றாள். நண்பகல் தொழுகைக்கான லுஹர் பாங்கு கேட்டதும் செய்வாள். ஒரு நாளும் தவறவில்லை.

ஆய்வுகூடம் திறந்ததும் சோதித்தோம். செடியில் அரிதாகவே காணப்படும் கொலஸ்ட்ரோல், என் முளைகளில் தாராளமாக இருப்பதாகத் தாளில் கோடு நிமிர்ந்து நின்றது. பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இது புதிசா இருக்கு பிள்ளை. எழுதலாம் போல."

எனக்கோ லுஹர் பாங்கு நினைவுக்கு வந்தது. லுஹர் என்றால், ராத்தாவின் கணவரான மச்சான் கடலிலிருந்து கொண்டுவந்த மீனை ராத்தா வெட்டி முடிக்கும் நேரம். ஆய்வைக் கையளிக்க இரண்டு மாதமே இருந்தது. வாயை மூடிக்கொண்டால் பட்டம் நிச்சயம். மூடிக்கொள்ளத்தான் ஆசைப்பட்டேன், அதை மறைக்க மாட்டேன். பிறகு சொன்னேன்.

"சேர், இது பயறு இல்ல, மீன்."

ராத்தாவிடம் சொல்வதுதான் அதைவிடக் கஷ்டம். அவள் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சவுக்காரம் போட்டுத்தானே கழுவின நான்" என்றாள். கண் கலங்கியது. ஆனால் உடனே எழுந்துவிட்டாள். "சரி, திரும்பப் பயற்ற ஊறப்போடு. ஏழு நாளைக்கி இந்த வீட்டுக்குள்ள மீன் வராது."

"கடல்காரன் வீட்டிலயா?" என்றார் மச்சான்.

"ஓம், கடல்காரன் வீட்டிலதான்."

புது ஐஸ் பெட்டி வாங்கினோம். மச்சான் மீனையெல்லாம் கரையிலேயே கொடுத்துவிட்டு வந்து, பருப்பைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். ஐந்தாம் நாள் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு சட்டி மீன் ஆணம் வந்தது. ராத்தா வாசல் படலையிலேயே திருப்பி அனுப்பினாள்.

இரண்டாவது சோதனையின் தாளை நான் கொண்டுபோய்க் காட்டியபோது அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். "எங்கட மீன் எங்க நிண்டிச்சி?" என்று கேட்டு, நான் காட்டிய வெற்றிடத்தில் அப்படியே விரலை வைத்தாள். சிரித்தாள்.

ராத்தா எங்களை விட்டு மௌத்தாகி இரண்டு வருடமாகிறது. இப்போது அந்தக் கறையைச் சோதித்தால் கொலஸ்ட்ரோல் நிச்சயம் இருக்கும்.