பெர்த்தில் நின்ற முக்காடு

பெட்டி ஏன் மும்பைக்குப் போயிற்று என்பதுதான் ஹுமைராவுக்கு முதலில் புரியவில்லை.

நாகூரில் அவள் வீட்டு மாடியில் நின்றால் கடல் தெரியும். அந்தக் கடலைத் தாண்டிக் கிழக்கே போய்க்கொண்டே இருந்தால் ஆஸ்திரேலியாவும் அதில் பெர்த் நகரமும் வந்துவிடும் என்று எண்ணியிருந்தாள். கைபேசியில் பார்சல் போன வழியோ வேறாக இருந்தது. நாகப்பட்டினம், திருச்சி, சென்னை, அப்புறம் மும்பை. அடுத்த நாள் சிங்கப்பூர். அதற்கும் அடுத்த நாள் மறுபடியும் சிங்கப்பூர்.

"ஒரே ஊருக்கு ரெண்டு தடவை எப்படிப் போய்ச் சேரும், மச்சான்?" என்று கணவனிடம் கேட்டாள்.

அப்சர் முதுகுக்குத் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தான். "பன்னெண்டு வருஷம் குவைத்துல லாரி ஓட்டினேன். நான் சிங்கப்பூரைப் பாத்ததில்ல. ஒன் பெட்டி ரெண்டு தடவை பாத்துடுச்சு. குடுத்துவச்ச பெட்டி."

லாரி ஓட்டி ஓட்டி முதுகெலும்பு தேய்ந்து அவன் ஊர் திரும்பி மூன்று வருடமாகிறது. அன்றிலிருந்து அந்த வீட்டில் உலை கொதிப்பது ஹுமைராவின் ஊசியால்தான். நிக்காஹ் அன்று மணப்பெண் போட்டுக்கொள்ளும் முக்காட்டில் ஜரிகையும் மணியும் வைத்துத் தைப்பாள். படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போடுவாள். காரைக்காலிலும் சென்னையிலும் வாங்கினார்கள். மலேசியாவிலிருந்து யாராவது கேட்டால் அந்தப் பக்கம் பயணம் போகிறவர்களின் பெட்டியில் ஒரு மூலை கிடைக்கும். கூரியரில் வெளிநாட்டுக்கு அனுப்புவது இதுவே முதல் தடவை.

கேட்டவள் சஃபியா. கூத்தாநல்லூரில் பிறந்து, கல்யாணமாகி, இருபத்திரண்டு வருடமாகப் பெர்த்தில் இருப்பவள். கணவர் போன வருடம் நெஞ்சுவலி வந்து மவுத்தாகிவிட்டார். ஒரே மகள் ஷிஃபாவுக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ். கூத்தாநல்லூரில் தங்கை வீட்டு பீரோவில் இருந்த தன் கல்யாணப் பட்டுச் சேலையை ஹுமைராவிடம் கொடுக்கச் சொல்லி, "இதுலதான் எம் மகளுக்கு முக்காடு தைக்கணும். அவளப் பெத்த அத்தா எடுத்துக் குடுத்த சேலை" என்று போனில் அழுதாள். அந்தச் சேலையில் கத்தரி வைக்குமுன் ஹுமைரா மூன்று தடவை அளந்து பார்த்தாள். இது தொலைந்தால் இன்னொன்று தைக்க இந்த உலகத்தில் துணி கிடையாது.

அதனால்தான் ஜரிகை மடங்காமல் இருக்க அகலமான பெட்டியில் வைத்தாள். நாகப்பட்டினத்தில் கூரியர் ஏஜென்ட் குணசேகரன் அதை எடை போட்டார். தொள்ளாயிரம் கிராம். பிறகு டேப்பால் நீளம், அகலம், உயரம் அளந்து ஐந்து கிலோவுக்குப் பணம் கேட்டார்.

"அண்ணே, தராசுல ஒரு கிலோகூட இல்லையே."

"பிளேன்ல எடத்துக்கும் காசு, தங்கச்சி. நீங்க மெத்தை மாதிரி பெட்டி கொண்டாந்திருக்கீங்க."

சஃபியாவிடம் ஒரு கிலோவுக்குத்தான் கூரியர் காசு வாங்கியிருந்தாள். மீதி அவள் கையைக் கடித்தது. அரிசி மூட்டையில் காற்றையும் சேர்த்து நிறுத்தது போல இருந்தது அவளுக்கு. கொடுத்துவிட்டு வந்தாள்.

செவ்வாய்க்கிழமை பெட்டி பெர்த் போய்ச் சேர்ந்தது. புதன்கிழமை காலை கைபேசியில் ஒரே வரி: 'நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது.' பின்னாலேயே நீளமாக ஓர் ஆங்கில மெயில். அப்சருக்கும் விளங்கவில்லை. உலையை இறக்கி வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் நாகப்பட்டினம் ஓடினாள்.

குணசேகரன் மெயிலை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"பெட்டிக்குள்ள துணி மட்டுந்தான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டீங்கள்ல?"

"ஆமா."

"பெர்த் கஸ்டம்ஸ்ல பிரிச்சுப் பாத்திருக்காங்க. காஞ்ச ரோஜா இதழ் ஒரு பொட்டலம், சர்க்கரை ஒரு பொட்டலம். அந்த நாட்டுல பூ, வெதை, திங்கிற பொருளெல்லாம் சொல்லாம கொண்டு போகக் கூடாதாம். யாரு வச்சது?"

"நான்தான், அண்ணே. தர்காவுல ஓதினது" என்றாள் ஹுமைரா. நாகூரிலிருந்து யார் பயணம் போனாலும், எது போனாலும், தர்காவில் ஓதிய சர்க்கரையும் பூவும் கூடவே போகும். அதை ஒரு பொருள் என்று எழுத வேண்டும் என அவளுக்குத் தோன்றவே இல்லை. துஆ என்னும் வேண்டுதலை யாராவது லிஸ்டில் எழுதுவார்களா?

"எம் பொண்ணு காலேஜுக்குப் போனப்ப நானும் அங்க வாங்கி வச்சுத்தான் அனுப்பினேன்" என்றார் குணசேகரன், குரலைத் தணித்து. "ஆனா இது அவங்களுக்குத் தெரியாதே. மூணு வழி போட்டிருக்காங்க. மொத்தப் பெட்டியையும் அழிக்கலாம். திருப்பி அனுப்பலாம், அது வந்து சேர மாசமாயிடும். இல்லன்னா பூவையும் சர்க்கரையையும் மட்டும் எடுத்து அழிச்சிட்டுத் துணியக் குடுப்பாங்க. அதுக்கு அனுப்பினவங்க சம்மதம் எழுதணும். இன்னிக்கே."

"அழிக்கிறதுன்னா?"

"எரிப்பாங்க போல."

வீட்டில் வாடிய இதழைக்கூடக் கால்படாத இடம் பார்த்துக் கடலில்தான் விடுவாள். அதை எரிக்கச் சொல்லித் தன் கையாலேயே எழுதுவதா? எழுதாவிட்டால் ஒரு பெண்ணின் தலையில் அவள் தகப்பன் எடுத்த பட்டு ஏறாது. எது பாவம், எது சரி என்று அவளுக்குத் தெரியவில்லை. அங்கிருந்தே சஃபியாவை அழைத்தாள். தன்னைவிடப் பத்து வயது மூத்தவளை அவள் லாத்தா என்றுதான் கூப்பிடுவாள்.

"லாத்தா, தப்பு பண்ணிட்டேன்" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள்.

அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் ஓசை கேட்டது.

"பூ வச்சியா?" என்றாள் சஃபியா. "நான் கேக்கவே இல்லையே."

"இதெல்லாம் கேட்டா வைப்பாங்க, லாத்தா?"

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் ஓசை. "எழுதிக் குடுத்துடு, ஹுமைரா. எரிக்கட்டும்னு என் வாயாலயும் சொல்ல முடியல. நீயே எழுதிடு."

குணசேகரன் ஆங்கிலத்தில் டைப் செய்து தாளைக் காட்டினார். ஹுமைரா, அல்லாஹ்வின் பெயரால் என்று பிஸ்மி சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். இதற்குப் பிஸ்மி சொல்லலாமா என்ற குழப்பம் பஸ் ஏறிய பிறகுதான் வந்தது.

வியாழன், வெள்ளி, சனி. பார்க்கும்போதெல்லாம் அதே வரி. நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. கறியில் இரண்டு தடவை உப்புப் போட்டாள். அப்சர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டான். அவன் கேலி செய்யாததே அவளுக்குப் பயமாக இருந்தது.

ஞாயிறு காலை பத்து மணிக்கு வீடியோவில் சஃபியா வந்தாள். கேமரா திரும்பியது. ஷிஃபா நின்றாள், தலையில் மருதாணிச் சிவப்புப் பட்டு.

"நேத்து சாயங்காலம் வந்துச்சு. கல்யாண வீட்டு ரகளைல உனக்குச் சொல்ல முடியல" என்றாள் சஃபியா. "பெட்டிக்குள்ள ஒரு காகிதம் வச்சிருந்தாங்க. பூவும் சர்க்கரையும் எடுத்து அழிக்கப்பட்டன, அனுப்பியவர் சம்மதத்துடன்னு ஒம் பேரு போட்டு. அத நிக்காஹ் பத்திரத்தோட சேத்து வச்சிருக்கேன்."

"அத ஏன் லாத்தா வச்சிருக்கீங்க? கிழிச்சுப் போடுங்க. எனக்கு வெக்கமா இருக்கு."

"எம் பொண்ணுக்கு ஊர்லேருந்து பூ வந்துச்சுன்னு வேற எதுல எழுதியிருக்கு?"

அழைப்பு முடிந்ததும் ஹுமைரா பழக்கத்தில் பார்சல் பக்கத்தைத் திறந்தாள். அங்கே இன்னும் பழைய வரிதான்: நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது.

"அதான் கண்ணால பாத்துட்டல்ல, எதுக்கு அழுவுற?" என்றான் அப்சர்.

"தெரியல மச்சான்" என்று சொல்லி, பக்கத்தை விரலால் மறுபடி ஒரு தடவை தள்ளிப் புதுப்பித்துப் பார்த்தாள்.