ஆடாத ரிப்பன்

எங்கள் கார் தொழிற்சாலையில் முன்னால் ஓட்டுவதற்குச் சம்பளம் வாங்கியவர்கள் நாற்பது பேர். பின்னால் ஓட்டுவதற்கென்றே சம்பளம் வாங்கியவர் ஒருவர்தான். அவரை எல்லோரும் ரிவர்ஸ் அக்கா என்று கூப்பிடுவோம். புது மாடல் எது வந்தாலும் சோதனைத் திடலில் ஒரு நாளைக்கு எண்பது தடவை ரிவர்ஸ் எடுத்து நிறுத்துவார். பின்பக்கக் கேமரா ஒழுங்காக நடந்துகொள்கிறதா என்று எழுதிக் கொடுப்பார். அந்தக் கேமராவின் படம் டிரைவர் முன்னால் உள்ள திரையில் எப்படி வர வேண்டும் என்று மென்பொருள் எழுதுவது என் வேலை. ஆக, அவரிடம் திட்டு வாங்குவதும் என் வேலைதான்.

திட்டு என்றால் சத்தமே இருக்காது. காரிலிருந்து இறங்கி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி, "தம்பி, இதை எழுதுறதுக்கு முன்னாடி நீங்க எப்பவாவது கார் நிறுத்தியிருக்கீங்களா?" என்று கேட்பார். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்காது.

முதல் சண்டை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கியரை ரிவர்ஸிலிருந்து எடுத்த உடனே கேமராப் படம் மறைந்துவிடும்படி எழுதியிருந்தேன். "யாரு தம்பி ஒரே மூச்சில நிறுத்துறாங்க? முன்னாடி கொஞ்சம், பின்னாடி கொஞ்சம்னு நாலு தடவை ஒடிச்சுத்தான் நுழைக்கிறோம். ஒவ்வொரு தடவையும் படத்தைப் பிடுங்கிட்டுப் பாட்டு லிஸ்டைக் காட்டுறீங்க. அந்த நேரத்துல பாட்டு யாருக்கு வேணும்?" என்றார். விதிமுறை அப்படித்தான் இருக்கிறது என்று சப்பைக்கட்டு கட்டினேன். என்னையே டிரைவர் சீட்டில் உட்காரவைத்து, இரண்டு தூண்களுக்கு நடுவே நிறுத்தச் சொன்னார். மூன்றாவது முயற்சியில் பம்பர் நசுங்கியது. மறுநாளே மாற்றி எழுதினேன்.

பீப் சத்தத்தையும் விடவில்லை. "சுவர் ரெண்டு மீட்டர் தள்ளி இருக்கும்போதே இந்தக் கத்து கத்தினா, பக்கத்துல வரும்போது யாரு காதுல வாங்குவா? எங்க நாத்தனார் மாதிரியே இருக்கு" என்றார். நாத்தனார் அதே தொழிற்சாலையில் பெயிண்ட் பிரிவில் இருந்தார். நல்ல வேளை, அவர் காதில் விழவில்லை.

எல்லாவற்றையும் விட ஒரு விஷயத்தில் அக்கா பிடிவாதம். லென்ஸில் சேறு அப்பியிருந்தால் திரை மங்கலாக எதையாவது காட்டிச் சமாளிக்கக் கூடாது. "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லணும். அப்போ மனுஷன் கழுத்தைத் திருப்பிப் பார்ப்பான். தெரிஞ்ச மாதிரி காட்டினா நம்பி ஏத்திடுவான்" என்பார்.

திடலின் கோடியில் ஒரு இரும்புக் கம்பத்தில் சிவப்பு ரிப்பன் ஒன்றைக் கட்டி வைத்திருந்தார். ஏதோ அழகுக்குக் கட்டியிருக்கிறார் என்று நாங்கள் கேலி செய்வோம். அங்கே எப்போதும் காற்று அடிக்கும், ரிப்பன் ஆடிக்கொண்டே இருக்கும். ரிவர்ஸ் எடுக்கும் ஒவ்வொரு தடவையும் அக்கா முதலில் பக்கக் கண்ணாடியில் ரிப்பனைப் பார்ப்பார், பிறகு திரையில் பார்ப்பார். இரண்டிலும் ஆடினால்தான் பிரேக்கிலிருந்து காலை எடுப்பார். பன்னிரண்டு வருஷமாக இதே பழக்கம். ஒரு நாளைக்கு எண்பது தடவை ரிப்பனைப் பார்க்கிற பொறுமை எனக்கு இருந்திருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன்.

அந்தத் திங்கட்கிழமை மதியம் கண்ணாடியில் ரிப்பன் ஆடியது, திரையில் ஆடவில்லை. அக்கா காலை எடுக்காமல் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். எல்லைக்கூம்புகளை எடுத்து வைக்கும் பெரியவர், கோன்காரர் என்று நாங்கள் கூப்பிடுகிறவர், விழுந்த கூம்பு ஒன்றை நிமிர்த்தக் குனிந்து காருக்கு நேர் பின்னால் நின்றிருந்தார். திரையிலோ வெறும் தரை. படம் உறைந்துபோய், பழைய காட்சியையே காட்டிக்கொண்டிருந்தது.

நான் ஓடிப்போய்ப் பார்ப்பதற்குள் படம் சரியாகிவிட்டது. அன்றும் மறுநாளும் வேறு ஓட்டுநரை வைத்து இருநூறு தடவை ரிவர்ஸ் எடுக்க வைத்தேன். ஒரு தடவைகூட உறையவில்லை. வியாழக்கிழமை அந்த மாடலை விற்பனைக்கு அனுப்ப வேண்டும், அதற்கு அக்காவின் கையெழுத்து தேவை. எனக்குக் கோபம் வந்தது. "அக்கா, வெயில்ல உங்களுக்குக் கண்ணு கூசியிருக்கும்" என்று சொல்லிவிட்டேன். நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது. அக்கா ஒன்றும் பேசவில்லை. எப்போதும் பதில் வைத்திருப்பவர் பேசாமல் இருந்தது எனக்கு வசதியாகப் போய்விட்டது.

வியாழக்கிழமை காலை, மேலாளரின் அறையில் நானும் அக்காவும் நின்றோம். கையெழுத்துத் தாள் மேசைமேல் இருந்தது. அதன் பக்கத்திலேயே இன்னொரு உறையும் இருந்தது. பன்னிரண்டு வருஷம் ஒப்பந்தத்தில் ஓட்டிய அக்காவை நிரந்தரமாக்கும் உத்தரவு அது. இரண்டையும் சேர்த்தே முடித்துவிடலாம் என்று மேலாளர் பேனாவை நீட்டினார்.

அக்கா பேனாவை வாங்கவில்லை. "அன்னிக்கு என்கிட்ட போன் இருந்துச்சு சார்" என்றார்.

வெளிவராத மாடலை யாரும் படம் எடுத்துவிடக் கூடாது என்பதால் திடலுக்குள் போன் கொண்டுபோவது பெரிய குற்றம். பிடிபட்டவர் அன்றைக்கே வீட்டுக்குப் போக வேண்டியதுதான், இரண்டாம் பேச்சே கிடையாது.

"தங்கச்சிக்குத் தலைப்பிரசவம். காலையிலிருந்தே கஷ்டப்பட்டுக்கிட்டிருந்தா. மனசு கேக்கலை, ஷூவுக்குள்ள வெச்சு எடுத்துட்டுப் போனேன். கையில பிடிச்சா வண்டி ஓட்ட முடியாதுன்னு காரோட இணைச்சு வெச்சேன். ரிவர்ஸ் போட்ட அதே நொடியில தங்கச்சி வீட்டுக்காரர்கிட்டேர்ந்து கால் வந்துச்சு. அப்பதான் படம் நின்னுது" என்றார்.

"ஏன் மூணு நாளா சொல்லலை?" என்று மேலாளர் கேட்டார்.

"பயம்தான் சார். வேலை போயிடுமேன்னு. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லணும்னு தம்பியைப் படுத்தி எடுப்பேன். நான் மட்டும் ஒண்ணும் நடக்காத மாதிரி முகத்தை வெச்சுக்கிட்டுத் திரிஞ்சேன். ராத்திரி படுத்தா கோன்காரர் குனிஞ்சு நிக்கிறதுதான் தெரியுது."

போனை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, அடையாள அட்டையையும் கழற்றி வைத்தார். மேலாளர் நிரந்தர உத்தரவு இருந்த உறையை இழுப்பறைக்குள் போட்டார். அக்கா யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போனார்.

நான் அந்தப் போனோடு திடலுக்கு ஓடினேன். ரிவர்ஸ் கியர் விழுகிற நேரத்தில் அழைப்பு வரும்படி செய்து பார்த்தோம். பத்துக்கு ஏழு தடவை படம் உறைந்தது. எங்கள் ஆட்களில் போன் இணைப்பைச் சோதிப்பவர்கள் நின்ற காரில் சோதிப்பார்கள். காரை ஓட்டிச் சோதிப்பவர்களிடம் போன் இருக்காது. இரண்டும் ஒன்றாக நடந்தால் என்னவாகும் என்று பார்க்க எங்கள் விதியே விடவில்லை. ஊரில் போன் இல்லாமல் கார் ஓட்டுகிறவர் யார்? இந்தச் சின்ன விஷயம் என் மண்டையில் ஏறவில்லை. தவறு முழுக்க என் எழுத்தில் இருந்தது, வீட்டுக்குப் போனதோ அக்கா.

அந்த மாடல் விற்பனைக்குப் போகவில்லை. அழைப்பு வந்தாலும் படம் உறையாதபடி மாற்றினேன். அதையும் மீறிப் படம் கால் நொடி நின்றாலும் திரை கறுத்து, 'படம் இல்லை, திரும்பிப் பாருங்கள்' என்று சொல்லும்படி எழுதினேன். அக்காவைத் திரும்ப எடுக்கச் சொல்லி மேலாளர் அறைக்கு ஐந்து தடவை நடந்தேன். கோன்காரர் என்னோடு வந்து நிற்பார். அவர் உயிரோடு நிற்பதே போதுமான வாதம் என்று எனக்குப் பட்டது. மேலாளர் கல்நெஞ்சக்காரர் இல்லை, மேலே எழுதிப் போட்டார். பதினெட்டாம் நாள் அக்காவுக்குத் திரும்ப வரச்சொல்லிக் கடிதம் போனது. நிரந்தர உத்தரவை மட்டும் தண்டனை என்று ஆறு மாதம் தள்ளிப்போட்டார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அக்கா வந்த அன்று நானும் கோன்காரரும் வாசலில் நின்றோம். காவலர் பையைச் சோதித்தார். அக்கா கேட்காமலேயே ஷூவையும் கழற்றிக் காட்டினார்.

"போன் எங்கம்மா?" என்றார் காவலர்.

"கொண்டு வரலைண்ணே. சத்தியமா வீட்டுலதான் இருக்கு."

"அப்போ உள்ள விட முடியாது. புது உத்தரவு. டெஸ்ட் டிரைவர் எல்லாரும் போனோடதான் வரணும். போன் கேமராவுல மட்டும் நான் ஸ்டிக்கர் ஒட்டுவேன். போய் எடுத்துட்டு வாங்க."

அக்கா ஒரு ஷூவைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். ஷூவை மாட்டிக்கொண்டு வந்த வழியே திரும்பி நடந்தார். முக்கால் மணி நேரம் கழித்து, ஸ்டிக்கர் ஒட்டிய போனோடு காரில் ஏறினார். கோன்காரர் திடலின் கோடியில், ரிப்பன் கம்பத்தின் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். கண்ணாடியில் ரிப்பனைப் பார்த்தார், திரையில் பார்த்தார். அவர் ரிவர்ஸ் கியர் போட்ட நொடியில் நான் கார் ஜன்னலோரம் நின்றபடி அவர் எண்ணை அழுத்தினேன். திரையில் ரிப்பன் ஆடிக்கொண்டே இருந்தது.

அக்கா போனை எடுத்தார். "தம்பி, கூப்பிடுறவங்க பேரை ஓரமா போடுங்க. உங்க பேரு கோன்காரர் தலையை மறைக்குது" என்றார்.