நசுங்காத எலுமிச்சம்பழம்

மலேசியாவில், தம்போயில் ஒரு வீட்டு முருங்கை மரத்தடியில் துருப்பிடித்துக் கிடந்த அறுபதுகளின் காரை விலைக்குக் கேட்டு, மூன்றாவது முறையாகப் போயிருந்தேன். போன ஆயுத பூஜைக்கு நான்கு டயருக்கும் முன்னால் வைத்த எலுமிச்சம்பழங்கள் அப்படியே சுக்காகக் காய்ந்திருந்தன.

“வண்டி ஏறிப் பழம் நசுங்குனாத்தான் பூஜை முடியும், தம்பி. பூஜை முடியாத வண்டிய எப்படிக் குடுக்கறது?” என்றார் வீட்டுக்காரர்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, மூச்சு முட்டத் தள்ளினேன். காற்றில்லாத டயர்கள் ஒரு சாண் நகர்ந்தன. பழங்கள் நொறுங்கின.

“இப்பக் குடுங்க அங்கிள்.”

அவர் காரை ஆசையாகத் தடவினார்.

“இத்தன வருசமா இது ஓடாதுன்னுல நெனச்சேன். ஓடுற வண்டிய யாராச்சும் விப்பாங்களா லா?”