ஏரியைச் சுற்றி முடித்தால் பதில்

செம்பரம்பாக்கம் ஏரியைக் கரையோடு கரையாக நடந்தவர்கள் எங்கள் பக்கத்தில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று தெரியாது. நான் நடந்திருக்கிறேன். காற்று வாங்கப் போகவில்லை, மகளின் கல்யாணத்துக்காகப் போனேன்.

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். சென்னீர்குப்பத்தில் ரோட்டோரம் டிங்கரிங் சுத்தியல் பிடிக்கக் கற்று, பிறகு அதே ரோட்டில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையைச் சொந்தமாக வைத்தேன். பெங்களூர் ரோட்டில் போகிற லாரியில் என் கை பட்ட கேபின் எது என்று தூரத்திலிருந்தே சொல்வேன். வேலை என்று எவர் வந்தாலும் ஆகும், ஆகாது, இரண்டில் ஒன்றை நின்ற இடத்திலேயே சொல்லி அனுப்பிவிடுவேன். எனக்குச் சம்பந்தியாக வரவேண்டிய பையனின் அப்பா அப்படிப்பட்டவர் இல்லை.

என் மகள் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். அதே கம்பெனியில் வேலை பார்த்த ஒரு பையனை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. நல்ல பையன். அப்பாவுக்கு ஆவடியில் ராணுவத் தளவாட பேக்டரியில் வேலை, குவார்ட்டர்ஸில் வீடு, பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். அவர்களும் கிறிஸ்தவர்கள்தான். ஆனால் நாங்கள் கத்தோலிக்கர்கள், பூசைக்குப் போகிறவர்கள். அவர்கள் புராட்டஸ்டன்ட், ஆராதனைக்குப் போகிறவர்கள். மாதாவுக்கு நாங்கள் மெழுகுவர்த்தி ஏற்றுவோம், அவர்கள் ஏற்ற மாட்டார்கள். வெளியாட்களுக்கு இது என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். எங்கள் இரண்டு வீட்டிலும் அடுப்பு எரியாத அளவுக்கு இது பெரிய விஷயமாக இருந்தது.

எங்கள் கோயில் பாதிரியாரான பங்குச் சாமியாரிடம் நானே போய்ப் பேசினேன். கோயிலுக்கு இரும்பு கேட் அடித்துக் கொடுத்தவன் நான், என் பேச்சுக்கு அங்கே மரியாதை உண்டு. பையன் சபை மாற வேண்டாம், பிஷப்பிடம் உத்தரவு வாங்கிக்கொள்ளலாம், கல்யாணம் மட்டும் நம் கோயிலில் நடக்கட்டும் என்றார் சாமியார். இனி பையன் வீட்டார் சரி என்று சொல்ல வேண்டும். என் மனைவிக்கோ இதில் அரை மனசுதான். பெரம்பூரிலிருந்து எங்கள் சபையிலேயே ஒரு வரன் வந்திருந்தது. ஈஸ்டருக்குள் ஆவடியிலிருந்து பதில் வராவிட்டால் பெரம்பூர்க்காரர்களை வரச் சொல்லிவிடுவேன் என்று அவள் தீர்த்துச் சொல்லிவிட்டாள். மகள் அன்றிலிருந்து தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். பட்டறையில் எந்த வேலையிலும் என் கை நிலைக்கவில்லை.

ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலம் தொடங்கியதும் ஆவடிக்குப் போய்ப் பையனின் அப்பாவிடம் நேராகவே கேட்டேன். அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தனக்குப் பறவை பார்க்கிற பழக்கம் உண்டென்றும், செம்பரம்பாக்கம் ஏரியை முழுசாக ஒரு சுற்று நடக்க ரொம்ப நாளாக ஆசையென்றும், துணைக்கு ஆளில்லை என்றும் சொன்னார். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை ஒரு பகுதியாக நடப்போம், சுற்றி முடித்ததும் பதில் சொல்கிறேன் என்றார். பெண்ணைப் பெற்றவன் வேறென்ன செய்வது? சம்பந்தம் பேசுகிறவர்கள் தெருவில் நாலு வீட்டில் விசாரிப்பார்கள். இவர் என்னை நடக்கவைத்து விசாரிக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் சனிக்கிழமை செம்பரம்பாக்கத்துப் பக்கம் கரை மேல் ஏறி, குன்றத்தூர்ப் பக்கமாக நடந்தோம். அவர் கழுத்தில் பைனாகுலர், பட்டாளத்தில் இருந்த அண்ணன் கொடுத்தது. அடிக்கொரு தரம் நின்றுவிடுவார். எனக்கு நிற்கத் தெரியாது. முன்னால் போவேன், திரும்பி வந்து அவரை அழைத்துக்கொண்டு போவேன். அந்தக் கணக்கில் பார்த்தால் நான்தான் ஏரியை இரண்டு சுற்று நடந்தவன்.

மதகின் மேல் ஒரு நீர்க்காகம் சிறகை விரித்து வெயிலில் காயவைத்துக்கொண்டிருந்தது.

"அதுக்குப் பேரு தெரியுமா அண்ணாச்சி?"

"பேரு இன்னாத்துக்கு சார்? கொழம்பு வெச்சா கவுச்சி நாறும். அத்துக்கு மேல அதாண்ட தெரிஞ்சிக்க ஒண்ணியும் இல்ல."

அவர் சிரித்துவிட்டார். சின்ன வயதில் இந்தத் தண்ணீரில் கண்ணி வைத்துப் பறவை பிடித்து, பூந்தமல்லியில் கூவி விற்றவன் நான். நாமக்கோழி நல்ல ருசி, கொக்கு பரவாயில்லை, உள்ளானில் எலும்பைத் தவிர ஒன்றும் தேறாது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். நீங்கள் சொல்கிற வரிசையைப் பார்த்தால் நான் பார்ப்பதற்கு ஏரியில் ஒன்றும் மிச்சம் இருக்காது போலிருக்கிறதே என்றார். அன்றைக்கு இரண்டு பேரும் நல்லபடியாகத்தான் வீடு திரும்பினோம்.

இரண்டாவது சனிக்கிழமை விட்ட இடத்திலிருந்து தொடங்கினோம். கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை, கறுப்பும் வெள்ளையுமாக ஒரு மீன்கொத்தி தண்ணீருக்கு மேலே நின்ற இடத்திலேயே சிறகடித்துக்கொண்டு நின்றது. கல் விழுகிற மாதிரி விழுந்தது. வெறும் வாயோடு எழுந்து மறுபடியும் அதே உயரத்தில் நின்றது. அது மீன் பிடிக்கிற வரைக்கும் நகர்வதில்லை என்று இவர் புல்லில் உட்கார்ந்துவிட்டார். நான் எழுந்தேன், உட்கார்ந்தேன், ஒரு குச்சியை ஒடித்துத் துண்டு துண்டாக்கினேன். கல்யாணப் பேச்சை எடுத்தேன். "கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி, சத்தத்துல போயிரும்லா" என்றார். மீன்கொத்தி ஒரு வழியாக மீனோடு எழுந்ததும், கால் வலிக்கிறது, இன்றைக்கு இதுபோதும் என்றார். வரவர ஏரியைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்குகிறார் என்று எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. இந்த நடையில் போனால் ஈஸ்டர் போய், கிறிஸ்துமஸே வந்துவிடும்.

மூன்றாவது சனிக்கிழமை தண்ணீர் வற்றி இறங்கிய பக்கத்துக்கு வந்துவிட்டோம். அங்கே கரை கிடையாது. வெடித்த சேறும், மேய்கிற மாடுகளும், யாரோ போட்டிருந்த வெள்ளரிக் கொடிகளும்தான். கொடிக்குள்ளிருந்து ஒரு நரி தலையைத் தூக்கி எங்களைப் பார்த்துவிட்டு, அவசரமே இல்லாமல் கருவேலம் புதருக்குள் போயிற்று. கல்யாணத்துக்கு நிற்கிற மகள் அதற்கு இல்லை, அதுதான் அவசரமில்லை என்று நினைத்தேன். தலைக்கு மேலே ஆள்காட்டி ஒன்று கத்திக்கொண்டே சுற்றியது. அவர் பைனாகுலரை மேலே திருப்பினார். நான் கீழே பார்த்தேன். ஆள்காட்டி கத்தினால் தரையில் எதையோ வைத்திருக்கிறது என்று அர்த்தம். அவர் கால் வைக்கப் போன இடத்திலேயே, மண் நிறத்தில் புள்ளி போட்ட நாலு முட்டை. கூடெல்லாம் இல்லை, வெறும் பள்ளம். யோசிக்கவே இல்லை, எடுத்துத் துண்டில் முடிந்தேன்.

"வச்சிருங்க அண்ணாச்சி" என்றார்.

"நாலு முட்ட சார். அது மறுபடியும் வெச்சிக்கும்."

பறவை ரொம்ப தூரம் எங்கள் தலைக்கு மேலேயே கத்திக்கொண்டு வந்தது. பஸ்ஸில் அவர் வேறு சீட்டில் போய் உட்கார்ந்தார். இறங்கும்போது அடுத்த சனிக்கிழமை பற்றிப் பேச்சே இல்லை.

வீட்டில் என் மனைவி முட்டையைக் கையாலும் தொடவில்லை. தவக்காலத்தில் என் அடுப்பில் இதெல்லாம் ஏறாது என்றாள். பட்டறையில் பெயிண்ட் அடிக்கிறவர் வாங்கிப் பச்சையாகவே உடைத்துக் குடித்துவிட்டார். நான் செய்தது தப்பென்று அன்றைக்கும் நினைக்கவில்லை, இன்றைக்கும் நினைக்கவில்லை. அந்தப் பள்ளத்தை நான் பார்த்திருக்காவிட்டால் அவர் மிதித்திருப்பார். ஆனால் நாலு முட்டையில் என் மகளின் கல்யாணம் உடைந்துபோகுமோ என்ற பயம் அந்த வாரம் முழுக்க என்னைப் படுக்கவிடவில்லை. ஒரு கேபினுக்கு இடது கதவை வலது பக்கத்தில் மாட்டிவிட்டேன், பட்டறை முழுக்கச் சிரித்தது.

நாலாவது சனிக்கிழமை பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தேன். ஆவடி பஸ் ஒவ்வொன்றாக வந்து காலியாயிற்று. அவர் இறங்கவில்லை. நின்றுகொண்டே இருக்க என்னால் ஆகாது. தனியாகவே ஏரிக்குப் போய், விட்ட இடத்திலிருந்து நடந்தேன். நடந்தேன் என்பதைவிட ஓடினேன் என்று சொல்லலாம். கணுக்கால் வரைக்கும் சேறு. நான் போகப் போக வாத்துக் கூட்டம் முன்னால் எழும்பி எழும்பி, தள்ளித் தள்ளி உட்கார்ந்தது. நத்தை தின்கிற நாரைகள் மட்டும் அசையாமல் நின்று நான் கடந்து போவதைப் பார்த்தன. அவர் இருந்திருந்தால் இங்கே நின்றிருப்பார், இங்கே உட்கார்ந்திருப்பார் என்று ஒவ்வொரு இடத்திலும் தோன்றிக்கொண்டே இருந்தது. பாப்பன்சத்திரத்தில் ரோட்டைப் பிடித்ததும், காலைக்கூடக் கழுவாமல் பஸ் ஏறி, பூந்தமல்லியில் மாறி, ஆவடி போய் இறங்கினேன்.

குவார்ட்டர்ஸ் கதவைத் திறந்தது பையனின் அம்மா. என் காலைத்தான் முதலில் பார்த்தார்கள்.

"இவிய வரலன்னு நீங்க மட்டும் போனீங்களாக்கும்?"

ஆமாம் என்றேன். உள்ளே அவர் பனியனோடு உட்கார்ந்து பைனாகுலரைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து ஒரு மாதிரி சிரித்தார். அவருக்கு முட்டைக் கோபமெல்லாம் இல்லை என்று அந்தச் சிரிப்பிலேயே தெரிந்துவிட்டது. அந்த அம்மாதான் போக வேண்டாம் என்று நிறுத்தியிருக்கிறார்கள்.

"ஏரிய நூறு தடவ சுத்துனாலும் பதில் எங்கிட்டதான் இருக்கு. எங்கிட்ட கேக்கப் பயந்துக்கிட்டு இவிய உங்கள இழுத்துக்கிட்டு அலையுதாவ" என்றார்கள். அப்புறம், "முட்டைய என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார்கள்.

தவக்காலமாச்சே, எங்கள் வீட்டில் அடுப்பில் ஏற்றவில்லை என்றேன். அவர்கள் முகம் கொஞ்சம் மாறியது. லெந்து நாளெல்லாம் பார்க்கிற வீடுதானா என்று மெதுவாகக் கேட்டார்கள். தவக்காலத்தை அவர்கள் லெந்து என்பார்கள். நாற்பது நாளும் கறி மீன் கிடையாது, என் மனைவி செருப்புகூடப் போடுவதில்லை என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அப்புறம்தான் மனதில் இருந்ததை அந்த அம்மா வெளியே எடுத்தார்கள்.

"கல்யாணம் ஒங்க கோயில்ல நடக்கட்டும், அதுல எனக்கு ஒண்ணுமில்ல. பொறகு அவன் பொண்டாட்டி போற கோயிலுக்குத்தான போவான். கிறிஸ்மஸ் ஆராதனைக்கு எம்பிள்ள எம்பக்கத்துல நிக்கணும். அது இல்லாம எனக்குக் கிறிஸ்மஸ் கிடையாது."

இதற்காகவா இத்தனை நாள் என்னைச் சேற்றில் நடக்கவிட்டார்கள் என்று எனக்கு ஆத்திரமும் வந்தது, சிரிப்பும் வந்தது. உட்கார்ந்திருந்தவன் எழுந்துவிட்டேன்.

"யம்மா, எங்க பூச நடு ராத்திரி. உங்க ஆராதன எத்தினி மணிக்கு?"

"விடியக்கால நாலரைக்கு."

"அப்பொ ரெண்டுக்கும் போலாமே. பையனும் பொண்ணும் எங்களாண்ட பூச பாத்துட்டு உங்களாண்ட வந்து நிப்பாங்க. அந்நேரத்துக்கு பஸ்ஸு இல்ல, அவ்ளோதான். நான் லாரி அனுப்பறேன்."

அவர் பைனாகுலரைக் கீழே வைத்தார். "நைட் ஷிப்டும் பஸ்ட் ஷிப்டும் சேத்துப் பாக்கச் சொல்லுதீய" என்றார். அந்த அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார்கள். ஆனால் உதட்டில் சிரிப்பு இருந்தது. எந்த வருஷமாவது லாரி வராவிட்டால் நானே சென்னீர்குப்பம் வந்து எம்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவேன் என்றார்கள். பிறகு, ஈஸ்டர் கழிந்ததும் ஓலை வாசிக்கச் சொல்லுங்கள் என்றார்கள். கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசித்தால் அப்புறம் யாரும் தடுக்க முடியாது. அதைவிடப் பெரிய சம்மதம் எங்களில் கிடையாது. அவர் மூன்று சனிக்கிழமையில் முடிக்காததை நான் ஒரு டம்ளர் காபி ஆறுவதற்குள் முடித்தேன். அந்தக் காபியைக் குடிக்கத்தான் எனக்குப் பொறுமை இல்லை.

அவர் பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்தார். ஏரியில் நான் தனியாகப் போன இடத்தில் என்னென்ன இருந்தது என்று விசாரித்துக்கொண்டே வந்தார். வாத்து, நாரை என்றேன். எந்த வாத்து, வால் ஊசி மாதிரி நீண்டிருந்ததா என்று கேட்டார். ஓடுகிறவனுக்கு வால் எங்கே தெரியும்? அவர் முகம் வாடிவிட்டது. பாப்பன்சத்திரத்திலிருந்து செம்பரம்பாக்கம் வரைக்கும் மிச்சம் கிடக்கிறதே, நாரை வாத்தெல்லாம் பொறுமையாகப் பார்க்கலாம், ஈஸ்டர் கழியட்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

பஸ் வரவில்லை. நிற்க முடியாமல் பூந்தமல்லி ரோட்டில் நடக்க ஆரம்பித்தேன். பருத்திப்பட்டு தாண்டும்போது நான் விட்ட பஸ் என்னைத் தாண்டிப் போயிற்று. சென்னீர்குப்பம் வந்து சேர்ந்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். மகள் வாசலில் நின்றிருந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டே, ஓலை வாசிக்கச் சொல்லிவிட்டார்கள் என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்ப்பா" என்றாள். "எதிர் மெடிகல் ஷாப்புக்கு அவரு போன் பண்ணாரு, அவங்க அம்மா சொன்னாங்களாம். நம்ம அம்மா அப்பவே பெரம்பூருக்கு வேணாம்னு ஆள் அனுப்பிட்டாங்க."

அவள் என் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு. இவ்வளவு தூரம் சேற்றுக் காலோடு நான் சுமந்து வந்த செய்தி போனில் முன்னாலேயே வந்துவிட்டதே என்று எனக்கு எரிச்சல்தான். உள்ளே வாப்பா, உட்காருப்பா என்றாள். சாமியார் ஜெபமாலை முடிந்து அறைக்குப் போவதற்குள் பிடிக்க வேண்டும், உட்கார நேரமில்லை என்று சொல்லிவிட்டுக் கோயில் பக்கம் திரும்பினேன்.